முழங்கையைத் தாங்கிய கை

ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுப்பதென்றாலும் அவருக்கு இரண்டு கையும் வேண்டும். சாக்பீஸ் வலது கையில் இருக்கும். இடது கை வந்து வலது முழங்கைக்குக் கீழே தாங்கிக்கொள்ளும். தலை கொஞ்சம் தாழும். வாங்குகிறவர் முதலாளியா, தரை பெருக்குகிறவரா என்று அந்தக் கை பார்க்காது.

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியில் அவரைக் கொரியாக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிறந்தது ஆற்காடு. வேலை தோலைத் தரம் பிரிப்பது. கொரியாவில் பூசான் என்ற ஊரில் ஒரு ஷூ கம்பெனிக்கு அனுப்பிய சரக்கில் தகராறு வந்ததால், அங்கேயே போய்ப் பிரித்துக் கொடுத்துவிட்டு வா என்று எழுபதுகளின் கடைசியில் முதலாளி அவரை அனுப்பினாராம். மூன்று மாதம் என்று போனவர் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வந்த பிறகுதான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் போவதற்கு முன் அவர் கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் பத்தாவது வரை படித்தவள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று டேலி எழுதுவது என் வேலை. செலக்‌ஷன் ஹாலில் வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். அந்த வெளிச்சத்தில் அவர் ஒவ்வொரு தோலாக விரிப்பார், தடவுவார், ஓரத்தை மடித்துப் பார்ப்பார். உண்ணிக் கடி, முள் கீறல், கத்திக் காயம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. “ஃபர்ஸ்ட்”, “செகண்ட்”, “ரிஜெக்‌ஷன்” என்று சொல்லச் சொல்ல நான் கோடு போடுவேன். காலையிலிருந்து மாலை வரை எங்களுக்குள் இந்த மூன்று வார்த்தைகள்தான். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கு ஆட்களோடு பேச வராது. இப்போதும் வராது.

டீ கொண்டு வரும் கேன்டீன் அக்கா அவரைச் சும்மா விடமாட்டார்.

“இன்னா, இன்னும் கை சுளுக்கு போலயா? நூல் கட்டிக்கினா சரியாப் போய்டும்.”

“சுளுக்கு இல்லக்கா. மரியாதை.”

“எனக்கு எதுக்கு மரியாதை? டம்ளரைத் திருப்பிக் குட்த்தா போதும்.”

அவர் சிரித்தபடி காலி டம்ளரை அதே மாதிரி, முழங்கையைத் தாங்கிக்கொண்டு கொடுப்பார். அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போவார். ஆனால் அவருக்கு மட்டும் டம்ளர் தளும்ப இருக்கும் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவராகவே சொன்னார். பூசானில் ஒரு வயதான அம்மாள் வீட்டில் அறை எடுத்திருந்தார். முதல் நாள் அந்த அம்மாள் சோற்றுக் கிண்ணத்தை நீட்டினார். இவர் ஒரு கையால் வாங்கினார். அந்த அம்மாள் விடவில்லை.

“நான் இழுக்கறேன், அவங்க உடல. மொகத்துல கோவமும் இல்ல. பிடிச்ச பிடி பிடிச்சபடியே நிக்கறாங்க. பக்கத்துல அவங்க பேரப் பையன், நாலு வயசு, என் இடது கையத் தூக்கிக் கொண்டு வந்து வலது கை முட்டியாண்ட வச்சான். அப்பறம்தான் கிண்ணம் என் கைக்கு வந்துச்சு.”

பாஷை கற்றுக்கொள்ள அந்தப் பையனின் பழைய படப் புத்தகம்தான் அவருடைய பாடப் புத்தகம். அதையும், நீளமான கைப்பிடியுள்ள ஒரு பித்தளைக் கரண்டியையும், நீலமும் சிவப்பும் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரத் துணியையும் அங்கிருந்து கொண்டு வந்திருந்தார். டிபன் பாக்ஸ் தினமும் அந்தத் துணியில்தான் வரும். மேலே ஒரு முடிச்சு. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பூ மாதிரி திறந்துகொள்ளும். தயிர்சாதத்தை அந்தக் கரண்டியால் சாப்பிடுவார். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

முட்டைக்கோஸில் மிளகாய்த் தூளும் பூண்டும் பிசைந்து, ஒரு ஜாடியில் போட்டு, சுண்ணாம்புக் குழிகளுக்குப் பின்னாலிருந்த சுவரோரம் புதைத்து வைத்திருந்தார். நாறாதா என்று ஒருவர் கேட்டபோது, “டேனரியில இது நாறுதுன்னு எவன் கண்டுபிடிப்பான்?” என்றார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார், இரண்டு கையாலும். வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இவ்ளோ காரமா சாப்புடுவாங்க?”

“நாம சாப்புடறதெல்லாம் அவங்களுக்குக் காரமே இல்ல தங்கச்சி. அந்தம்மா பச்சமொளகாவ அப்பிடியே கடிச்சிக்கும்.”

இதை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

பொழுது கிடைக்கும்போது ரிஜெக்‌ஷன் தோலின் பின்பக்கத்தில் சாக்பீஸால் கொரிய எழுத்துகளை எழுதிப் பார்ப்பார். ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு குச்சி, கீழே ஒரு சின்னப் பெட்டி. எழுதுவார், வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார், உள்ளங்கையால் அழிப்பார். கட்டு எண்ணும்போது “ஹானா, தூல், செத்” என்று முணுமுணுப்பார். பதில் சொல்ல யாருமில்லை. பூசானிலிருந்து எப்போதாவது கடிதம் வரும். முதலில் அந்த அம்மாள் எழுதியது, பிறகு பேரன் எழுதியது. அதைப் பல நாள் வைத்துப் படிப்பார்.

“பேச ஆள் இல்லன்னா பாஷ வீணாப் போய்டும் தங்கச்சி. பட்டுப் பொடவைய மடிச்சே வச்சிருந்தா மடிப்புல கிழியுமே, அந்த மாதிரி” என்று ஒருமுறை சொன்னார்.

ஹாலில் அவருடைய அலமாரியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி, மெத்தென்ற செம்மறித் தோலில் அவரே தைத்தது. அதற்குள் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருக்கும். அந்த அம்மாளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவரே குனிந்து வரைந்தாராம். அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அது நடந்து ஆறு வருடம் ஆகிவிட்டது.

“தபால்ல அனுப்பலாமே அண்ணா” என்றேன்.

“கைல குடுக்கறேன்னு சொன்னேன்.”

அந்த வருடம் தொழில் படுத்துவிட்டது. தோலைப் போட்டுச் சுழற்றும் ஆறு டிரம்மில் இரண்டுதான் ஓடின. பாதி ஆட்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அப்போது கொரியாவிலிருந்து வேறொரு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் தோல் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று இரண்டு ஃபர்ஸ்ட் தோலை செகண்டில் போட்டுவிட்டு, பிறகு தேடி எடுத்தார்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். சாம்பிள் கணக்கு என் நோட்டில் இருந்ததால் நானும் போனேன்.

“அவங்க வரும்போது நீ உள்ளதான் இருக்கணும்” என்றார் அவரிடம்.

“சரிங்க.”

“ஆனா உனக்கு பாஷ தெரியும்னு காட்டிக்கக் கூடாது.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“மேனேஜர் இங்கிலீஷ்ல பேசிக்குவாரு. அவங்களுக்குள்ள பேசிக்கறது இருக்கு பாரு, அது நமக்கு வேணும். எந்த ரேட் வரைக்கும் இறங்குவாங்க, ஏறுவாங்கன்னு அதுல வந்துடும். நீ தோலப் புரட்டிக்கினு ஊமை மாதிரி இரு. வெளிய வந்து எங்கிட்ட சொல்லு.”

“அது... கேட்டுக்கினு இருக்கறது...”

“இரநூறு பேர் வூட்ல அடுப்பு எரியறதப் பத்தி சொல்லிக்கினு இருக்கேன். நான் எனக்காகவா கேக்கறேன்?” முதலாளி குரலை உயர்த்தவில்லை. “ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா, சரக்கோட பூசானுக்குப் போறது நீதான். எழுதி வேணும்னாலும் தர்றேன்.”

முதலாளி சொன்னதில் பொய் இல்லை. என் வீட்டுக்காரரும் அங்கே டிரம்மில்தான் வேலை பார்த்தார். அவருக்கும் மூன்று நாள் வேலைதான். அதனால் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவர் அலமாரியைத் திறந்தார். செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். மறுபடியும் வைத்தார்.

அடுத்த இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஓர் உதவி கேட்டார். வாயைக் கட்டிவிடலாம், கையை எப்படிக் கட்டுவது என்று அவருக்குப் பயம். வெற்று டம்ளரை எடுத்து எனக்கு நீட்டுவார். இடது கை தானாக எழுந்து வரும். பாதியில் பிடித்து இறக்குவார். மறுபடியும் நீட்டுவார். இடது கையைக் கால்சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார். கேன்டீன் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பையித்தியம் முத்திப்போச்சு, கூட இதுவும் ஒண்ணு” என்று என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் கடைசியில் வந்துவிட்டது. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. வலது கை மட்டும் டம்ளரை நீட்டியது. நம் ஊரில் எல்லோரும் கொடுக்கிற மாதிரி.

“சரியா?”

“சரி அண்ணா.”

இருபது முறை கொடுத்தார். இருபது முறையும் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் “சரியா?” என்று கேட்டார். வேர்த்திருந்தது.

அவர்கள் வந்தார்கள். ஒருவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். இன்னொருவர் முப்பது வயது இருக்கும். இங்கிலீஷ் இளையவருக்குத்தான் தெரியும். மேஜையில் சாம்பிள் தோல்களை அடுக்கியிருந்தோம். எங்களவர் விரித்துக் காட்டினார். நான் அளவைப் படித்தேன், மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னார். பெரியவர் தோலைத் தடவிய விதம் அப்படியே இவர் தடவுகிற விதம்தான். ஓரத்தை மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

மதியம் பிரியாணியும் கத்திரிக்காயும் வந்தன. சாப்பிட்ட பிறகு மேனேஜர் ரேட் சொன்னார். இளையவர் பெரியவர் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் வேகமாகப் பேச ஆரம்பித்தார். பெரியவர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். இளையவர் மறுபடியும் பேசினார். நான் அவர்களைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தேன். தோலை விரித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடமாக ஜாடி மாதிரி மூடி வைத்திருந்த பாஷை, இரண்டு முழ தூரத்தில் வாய்விட்டுப் பேசப்படுகிறது. அவர் காது மடல் சிவந்துவிட்டது. தலையை மட்டும் தூக்கவில்லை.

முதலாளி இவருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு எழுந்தார். இவர் வெளியே போனார். சாம்பிள் நோட்டோடு நானும் போனேன். தாழ்வாரத்தில் முதலாளி அவருடைய தோளைப் பிடித்தார்.

“இன்னா பேசிக்கினாங்க?”

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“சாப்பாட்டப் பத்திங்க. பிரியாணி நல்லா இருந்துச்சாம். கத்திரிக்காதான் காரம் ஜாஸ்தியாம். வயிறு எரியுதுன்னு பேசிக்கினாங்க.”

என் கையிலிருந்த நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காரம்.

“இவ்ளோ நேரம் கத்திரிக்காயப் பத்தியா?”

“ஆமாங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும் என்று அவர் பார்க்கவில்லை, சும்மா பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எப்போதும் குனிந்தே இருப்பவள் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

“சரி. மறுபடியும் உள்ள போ. டீய நீயே எடுத்துக்கினு போ. கிட்டவே நில்லு. இப்பதான் ரேட்டப் பத்தி பேசுவாங்க. இந்த தடவ எனக்கு விஷயம் வேணும்.”

கேன்டீன் அக்கா டிரேயைக் கொண்டு வந்து கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே முதலாளியும் நானும்.

இளையவர் பெரியவரின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எதற்கு நிறுத்த வேண்டும்? இவர் டிரேயை மேஜையில் வைத்தார். ஒரு கோப்பையை எடுத்தார். பெரியவர் பக்கம் வலது கையை நீட்டினார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. சரியாகத்தான் இருந்தது.

பிறகு அந்தக் கை எழுந்தது. மெதுவாகத்தான் எழுந்தது. போய் முழங்கையைத் தாங்கியது. தலை தாழ்ந்தது.

இளையவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். பெரியவர் கோப்பையைப் பார்க்கவில்லை. அந்த இடது கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

இவர் பதில் சொன்னார். நான்கைந்து வார்த்தை இருக்கும். இளையவரின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. முன்னாலிருந்த ஃபைலை மூடினார். அதன் பிறகு அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. மேனேஜர் சொன்ன ரேட்டுக்குக் கொஞ்சம் கம்மியாக ஆர்டர் முடிந்தது. நான்கு டிரம் ஓடும் அளவுக்கு.

அவர்கள் காரில் ஏறும்போது இவர் ஹாலிலிருந்து வந்தார். கையில் டிபன் பாக்ஸ் கட்டும் அந்தத் துணி. உள்ளே செருப்பு. மேல் முடிச்சில் பூசான் அம்மாளின் விலாசக் காகிதம் செருகியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அதைப் பெரியவரிடம் கொடுத்தார், எப்போதும் கொடுக்கிற மாதிரி. பெரியவரும் எப்படி வாங்க வேண்டுமோ அப்படி வாங்கினார். கார் ரோட்டில் திரும்பும்வரை இவர் நிமிரவில்லை.

“அந்தத் துணியும் போச்சா?” என்றார் கேன்டீன் அக்கா. அன்று அவர் குரலில் கேலி இல்லை.

மறுநாளிலிருந்து அவர் சாப்பாடு மஞ்சள் பையில் வந்தது.

பழக்க தோஷம், கை தானா போய்டுச்சு, பாவம் என்று டேனரியில் பேசிக்கொண்டார்கள். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். “உன்ன நம்பி இல்ல உள்ள உட்டேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு அவரை செலக்‌ஷன் ஹாலிலிருந்து உப்புத் தோல் கிடங்குக்கு மாற்றினார். அங்கே ஜன்னலே கிடையாது. சரக்கோடு பூசானுக்கு மேனேஜர் போனார்.

அந்த இளையவர் என்ன பேசினார் என்று ஒருநாள் கிடங்கு வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை.

“எங்க போனாலும் தோல் கிடைக்கலியாம். வெறுங்கையோட திரும்பினா ஃபேக்டரிய மூடணுமாம். இவங்க இன்னா ரேட் கேட்டாலும் குடுத்துடலாம்பான்னு அவரக் கெஞ்சறான். அப்பான்னுதான் அவங்களும் கூப்புடறாங்க, தெரியுமா? அதக் காட்டிக்காதேன்றாரு பெரியவர்.”

அதை முதலாளியிடம் சொல்லியிருந்தால் ஆறு டிரம்மும் ஓடியிருக்கலாம். என் வீட்டுக்காரருக்கு வாரம் முழுக்க வேலை கிடைத்திருக்கலாம். அவரும் பூசானுக்குப் போயிருப்பார். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் மனதில் அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. கை தானாகப் போனதா, நீங்களே கொண்டுபோனீர்களா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. இருபது முறை சரியாகக் கொடுத்ததை எண்ணிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனால் வாய் வரவில்லை. இரண்டு மாதம் அப்படியே போய்விட்டது.

பிறகு அவருக்கு மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் வேலை கிடைத்தது. கடைசி நாள் செலக்‌ஷன் ஹாலுக்கு வந்தார். கேன்டீன் அக்கா டீ கொண்டு வரும் நேரம். அந்த மேஜையில் புதிய செலக்டர் இருந்தார். இவர் வடக்கு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அக்காவின் டிரேயிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

வலது கையால் நீட்டினார்.

நான் இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எழவில்லை. உடம்போடு ஒட்டி, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. டீ ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை.

“சரியா?” என்று கேட்டார்.

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“சரி அண்ணா.”